யார் பார்க்க, யார் சிரிக்க

வீடியோ கேசட்டை வாடகைக்கு எடுத்துவந்து, தெருவிலுள்ள நாலைந்து குடும்பங்களும் ஒரே கூடத்தில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்து பார்ப்பது ஒரு சின்னத் திருவிழாவைப் போல நடந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், எங்கள் தெருவில் பாங்க் உத்தியோகம் பார்த்த நண்பர் ஒருவர், சிங்கப்பூரிலிருந்து மைத்துனர் கொண்டுவந்து கொடுத்ததாகச் சொல்லி, ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ என்ற ஆங்கில ஹாஸ்யத் தொடரைப் போட்டுக் காட்டினார். வெளிநாடுகளிலிருந்து வந்து லண்டனில் குடியேறியவர்களுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும் மாலை நேர வகுப்பு ஒன்று. பிரௌன் என்ற சாது வாத்தியார். அவருக்கு எதிரே, எதற்கெடுத்தாலும் கைகூப்பி ஆயிரம் மன்னிப்புக் கேட்கும் தலைப்பாகைச் சீக்கியர், கேட்ட கேள்வியை விட்டுவிட்டு வேறு எதற்கோ பதில் சொல்லி வாயெல்லாம் பல்லாக நிற்கும் பாகிஸ்தானி அலி, பாஷை பிடிபடாமல் கம்பளி பின்னிக்கொண்டே உட்கார்ந்திருக்கும் ஜமீலா அம்மாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நான்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தேன் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள்.

அதற்குப் பல வருஷங்கள் கழித்து, குழந்தையாக இருந்தபோதே பெற்றோருடன் லண்டனுக்குப் போய் அங்கேயே படித்து வளர்ந்த என் சித்தப்பா மகன் விடுமுறைக்கு வந்திருந்தபோது, ஏதோ பேச்சுவாக்கில் அந்தச் சீக்கியரைப் போலக் கைகூப்பிக் காட்டினேன். அவன் முகம் சட்டென்று சுருங்கிவிட்டது. “உங்களுக்கு அது தமாஷ், அண்ணா. ராத்திரி அது டி.வி.யில் ஓடினால், காலையில் ஸ்கூலுக்குப் போகவேண்டியவன் நான்” என்றான். மறுநாள் பூராவும் வகுப்புப் பையன்கள் ஒவ்வொருவனாக அவனெதிரே வந்து கைகூப்பித் தலையை ஆட்டுவார்களாம். சீக்கியனுக்கும் தமிழனுக்கும் உள்ள வித்தியாசம் அவர்களுக்கு எதற்கு?

ஒரே காட்சி, நான் பிரௌன் வாத்தியாரின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன், அவனோ மாணவர்களின் பெஞ்சில் உட்கார்த்தி வைக்கப்பட்டான். இந்த விசித்திரத்தை எனக்கு முன்பே, என்னைவிட எவ்வளவோ ஆழமாக, மார்த்தினிக் தீவில் பிறந்த வைத்தியர் பிரான்ஸ் ஃபானான் 1952-இல் வெளியிட்ட ‘கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்’ என்ற நூலின் அடிக்குறிப்பு ஒன்றில் எழுதி வைத்திருக்கிறார் என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரியவந்தது. தம் தீவிலுள்ள கொட்டகையில் காட்டில் வளர்ந்த வெள்ளைக்கார வீரன் டார்ஜானின் படம் பார்க்கும் கறுப்பு இளைஞன் டார்ஜானாகவே தன்னைப் பாவித்துக்கொண்டு காட்டுமிராண்டிகளுக்கு எதிராகக் கை தட்டுகிறான். அதே இளைஞன் ஐரோப்பாவில் ஒரு கொட்டகையில் போய் உட்கார்ந்தாலோ, சுற்றியுள்ள வெள்ளைக்காரர்கள் அவனையே அந்தக் காட்டுமிராண்டிகளோடு சேர்த்துவிடுகிறார்கள் என்கிறார் ஃபானான்.

ஏகாதிபத்தியங்கள் கொடியை இறக்கிக்கொண்டு போன பிறகும், அவை வளர்த்துவிட்ட மனோபாவங்கள் புத்தகத்திலும் படத்திலும் பாடத்திலும் எப்படிக் குடித்தனம் செய்கின்றன என்று ஆராயும் சிந்தனைப் போக்குக்குப் பின்காலனியக் கோட்பாடு என்று கல்லூரிகளில் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்தான் பயமுறுத்தும், விஷயம் அவ்வளவு கடினமானதன்று. ஜெரூசலத்தில் பிறந்து நியூயார்க்கின் கொலம்பியா சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்த எட்வர்ட் சயீத், 1978-இல் வெளியான ‘ஓரியண்டலிசம்’ என்ற நூலில் சொன்னதன் சாரம் இது: கீழ்த்திசை மக்களைப் பற்றி மேல்திசையார் இருநூறு வருஷங்களாக எழுதிக் குவித்ததெல்லாம் வெறும் அறியாமையால் விளைந்த பிழைகளல்ல, அது ஓர் அறிவுத்துறையாகவே, ஆட்சியோடு கைகோத்துக்கொண்டு, ஆளப்படுபவன் இன்னான் என்று வரையறுக்கும் உரிமையை ஆள்பவன் கையிலேயே வைத்துக்கொண்ட ஏற்பாடு. இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு பிரிட்டிஷ் திரையின் கதையைப் பார்த்தால், நல்லவனாகக் காட்டினார்களா கெட்டவனாகக் காட்டினார்களா என்று நாம் வழக்கமாகப் போடும் சண்டை அவ்வளவு முக்கியமானதாகப் படாது.

அந்தக் கதை மைசூர் சமஸ்தானத்து யானைக் கொட்டிலில் ஆரம்பிக்கிறது. காராப்பூர் காட்டுப்பக்கத்தில் மாவுத்தன் ஒருவனுக்கு மகனாக 1924-இல் பிறந்த சாபு என்ற சிறுவனை, படப்பிடிப்புக்காக வந்திருந்த டைரக்டர் ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி கண்டெடுத்து, கிப்ளிங்கின் கதையொன்றைத் தழுவி அலெக்சாண்டர் கோர்டா தயாரித்த ‘எலிஃபண்ட் பாய்’ என்ற படத்தில் நடிக்க வைத்தார். 1937-இல் படம் வெளியானவுடன் லண்டன் நகரமே அந்தப் பையனை வாரி அணைத்துக்கொண்டது. மறு வருஷமே ‘தி டிரம்’. வடமேற்கு எல்லைப்புறத்துச் சிற்றரசு ஒன்றின் இளவரசனாகிய சாபு, வெள்ளைக்காரத் துருப்புகளுக்கு ஆபத்து வருவதை முரசு கொட்டி எச்சரிக்கிறான். அவர்களை ஒழிக்கச் சதி செய்யும் சித்தப்பனாக, முகத்தில் பழுப்பு மை பூசிக்கொண்டு, கனடாவில் பிறந்த ரேமண்ட் மாஸ்ஸி வருகிறார். நல்ல முஸ்லிம் ஒருவன், கெட்ட முஸ்லிம் ஒருவன்; நன்மை தீமைகளை அளக்கும் படியோ யூனியன் ஜாக் கொடி. இந்தப் படம் பம்பாயில் திரையிடப்பட்டபோது ஜனங்கள் கொதித்தெழுந்து ஆர்ப்பாட்டம் செய்தார்கள். சாபு பின்னர் அமெரிக்கா சென்று, 1944-இல் அந்நாட்டுப் பிரஜையாகி, யுத்த விமானத்தின் வால்பகுதியில் இயந்திரத் துப்பாக்கிக்காரனாகப் பணியாற்றித் தீரப் பதக்கம் பெற்றான். ஆனாலும் சினிமாக்காரர்கள் அவனுக்கு வைத்திருந்தது காடும் மிருகமும் இடுப்புத் துணியுந்தான். முப்பத்தொன்பதாவது வயதில், 1963-இல், மாரடைப்பால் இறந்துபோனான்.

சாபுவைக் கண்டு சொக்கிப்போன அதே லண்டனுக்கு, யுத்தம் முடிந்த பிறகு, சாபுவின் நாட்டவர்களும் மற்றக் காலனி நாட்டவர்களும் பெட்டி படுக்கையோடு உண்மையாகவே வந்து இறங்கத் தொடங்கியபோது நிலைமை வேறாயிற்று. 1948-ஆம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டம் கதவைத் திறந்து வைத்திருந்தது. மேற்கிந்தியத் தீவினர், பஞ்சாபிகள், மீர்ப்பூர்க்காரர்கள், சில்ஹெட்டிலிருந்து வந்த வங்காளிகள், 1972-இல் இடி அமீன் விரட்டியடித்த உகாண்டா குஜராத்திகள் என்று ஒவ்வோர் அலையாக வந்து, நெசவாலைகளிலும் பஸ்களிலும் மூலைக் கடைகளிலும் வேலை பார்த்தார்கள். படத்தில் தூரத்திலிருந்தவன் பக்கத்து வீட்டுக்காரனாகிவிட்டான். திரை அவனை என்ன செய்தது? அவனுக்குப் பதிலாக வேறொருவனுக்கு மை பூசி உட்கார்த்தி வைத்தது.

1969-இல் வந்த ‘கறி அண்ட் சிப்ஸ்’ தொடரில், பாதி ஐரிஷ், பாதி பாகிஸ்தானி என்று சொல்லிக்கொள்ளும் ஒரு தொழிலாளியாக ஹாஸ்ய நடிகர் ஸ்பைக் மில்லிகன் மை பூசிக்கொண்டு வந்தார். ஒலிபரப்புக் கட்டுப்பாட்டு ஆணையமே தலையிட்டதனால் அது ஆறு வாரத்தோடு நின்றுபோயிற்று. ஆனால் 1974 முதல் 1981 வரை பி.பி.சி.யில் ஓடிய ‘இட் ஏய்ண்ட் ஹாஃப் ஹாட் மம்’ நிற்கவில்லை. இரண்டாம் உலக யுத்தத்தின்போது தேவலாலி முகாமில் சிப்பாய்களுக்காக நாடகம் போடும் வெள்ளைக்கார கோஷ்டி ஒன்றின் கதை அது. அவர்களுக்குப் பணிவிடை செய்யும் ரங்கி ராம் என்ற ‘பேரர்’ அதில் பிரதான பாத்திரம். தன் நாட்டு டீக்காரனையும் பங்கா இழுப்பவனையும் அதட்டி விரட்டிக்கொண்டு, வெள்ளைக்காரர்களோடு தன்னையும் சேர்த்து ‘நாம் பிரிட்டிஷார்’ என்ற தோரணையில் பேசுவான். வெள்ளைக்காரச் சபையோர் ஒவ்வொரு தடவையும் அதற்காகவே காத்திருந்து சிரித்தார்கள். நாடகத்தின் சூட்சுமம் முழுவதும் இந்தச் சிரிப்பில் அடங்கியிருக்கிறது. பம்பாய்ப் பார்ஸி குடும்பத்தில் பிறந்த ஹோமி பாபா என்னும் அறிஞர் பிற்காலத்தில் விளக்கியபடி, ஆளும் ஜாதி தன்னைப் போலவே நடக்கும்படி ஆளப்படுபவனுக்குக் கற்பிக்கிறது. ஆனால் அவன் முற்றிலும் தன்னைப் போல ஆகிவிட்டால் ஆள்வதற்கு நியாயமே இல்லாமல் போய்விடுமாகையால், எப்போதும் ஒரு மாற்றுக் குறைந்தவனாகவே அவனை நிறுத்தி வைக்கிறது. ரங்கி ராம் அந்த ஒரு மாற்றுக் குறைவின் உருவம்.

இந்த ரங்கி ராமாக நடித்தவர் மைக்கேல் பேட்ஸ் என்ற ஆங்கிலேய நடிகர். அவர் பிறந்தது ஜான்சியில். யுத்தத்தில் கூர்க்காப் படை அதிகாரியாக இருந்தவர். ஹிந்துஸ்தானி சரளமாகப் பேசுவார். மேலே சொன்ன ஸ்பைக் மில்லிகன் பிறந்ததோ அகமத்நகரில். புனாவிலும் ரங்கூனிலும் வளர்ந்தவர். ‘பாவம், இந்தியாவைத் தெரியாதவர்கள், அதனால் இப்படி எடுத்துவிட்டார்கள்’ என்று நம்மில் சிலர் பெருந்தன்மையோடு சொல்வதுண்டே, அந்தச் சமாதானம் இங்கே எடுபடாது. தெரிந்தவர்கள்தாம் எடுத்தார்கள். தெரிந்துவைத்திருந்ததே, அவனுக்குப் பதிலாகத் தாமே நிற்கும் அதிகாரத்தை அவர்களுக்குக் கொடுத்தது. சயீத் சொன்னதற்கு இதைவிடத் துலக்கமான திருஷ்டாந்தம் எனக்குத் தெரியவில்லை.

டீக்காரனாக வந்த டினோ ஷஃபீக் டாக்காவில் பிறந்த நல்ல நடிகர். எங்கள் கூடத்தில் பல்லைக் காட்டிய அந்தப் பாகிஸ்தானி அலியும் இவரேதான். தலைப்பாகைச் சீக்கியராக வந்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கையில் பிறந்தவர். தொழிலுக்கு வந்தவனுக்குக் கிடைத்த வேஷம் அது. அவர்களைக் குற்றம் சொல்லுவது தர்மமாகாது. 1977-இல் தொடங்கிய ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ தொடர் ஜனங்களிடையே நல்ல பிராபல்யத்தோடு இருக்கும்போதே, அதைத் தயாரித்த கம்பெனியின் அதிகாரியான மைக்கேல் கிரேட், பிற இனத்தாரைப் புண்படுத்துகிறதென்று சொல்லி 1979-இல் நிறுத்தினார். இங்கிலாந்தில் நிறுத்தப்பட்டது, முன்னாள் காலனி நாடுகளில் மட்டும் ஜாம்ஜாமென்று ஓடியது. எங்கள் கூடமும் அதற்குச் சாட்சி.

அதே 1979-இல், ஜமைக்காவில் பிறந்து பிரிட்டனில் சமூகவியல் ஆசானாக விளங்கிய ஸ்டூவர்ட் ஹால், பொது ஜனக் குழுக்களுக்கென்று பி.பி.சி. ஒதுக்கிவைத்திருந்த நேரத்தில், ‘இட் ஏய்ண்ட் ஹாஃப் ரேஸிஸ்ட் மம்’ என்று தலைப்பிலேயே பரிகாசம் வைத்து, பி.பி.சி.யையே பி.பி.சி.யில் உட்கார்ந்து விமரிசித்தார். வெளிப்படையாக வசைபாடும் துவேஷம் ஒன்று, வசை ஒரு சொல்லும் இல்லாமல் சாதாரணச் செய்தியிலும் நாடகத்திலும் அனுமானமாக ஊறிக்கிடக்கும் துவேஷம் மற்றொன்று என்று பிரித்துக் காட்டிய ஹால், ஏகாதிபத்தியத்தின் பழைய கதைகளிலிருந்து அடிமை, சுதேசி, கோமாளி என்ற மூன்று வேஷங்கள் திரும்பத் திரும்பத் திரைக்கு வருவதை எடுத்துரைத்தார். சாபு இரண்டாவது வேஷம். ரங்கி ராம் முதலாவதும் மூன்றாவதும்.

நல்லவர்களாக நாலு பேரைக் காட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தவர்களுக்கு 1985-இல் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. சிறுபான்மையோருக்கும் இடமளிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு 1982-இல் ஏற்பட்ட சானல் ஃபோர் தொலைக்காட்சி பணம் கொடுக்க, ஸ்டீபன் ஃப்ரியர்ஸ் இயக்கிய ‘மை பியூட்டிஃபுல் லாண்ட்ரெட்’ படத்தின் கதையை எழுதியவர் ஹனீஃப் குரேஷி. அவருடைய தகப்பனாரின் குடும்பம் பிரிவினைக்கு முன்பு சென்னையில் வசித்த குடும்பம் என்பது நமக்கு ஒரு சுவாரஸ்யமான செய்தி. அந்தப் படத்தில் வரும் பாகிஸ்தானிகள் தியாகிகளுமல்லர், கோமாளிகளுமல்லர். பணம் சேர்ப்பவர்கள், வைப்பாட்டி வைத்துக்கொள்பவர்கள், வாடகை கொடுக்காத கறுப்பரைத் தெருவுக்குத் தள்ளுபவர்கள். கதாநாயகனாகிய பாகிஸ்தானி வாலிபனோ, முன்பு இனவெறிக் கும்பலோடு சுற்றிய வெள்ளைக்கார வாலிபன் ஒருவனைக் காதலிக்கிறான். நியூயார்க்கில் பாகிஸ்தானியர்கள் கொட்டகைக்கு வெளியே நின்று மறியல் செய்தார்கள். அவர்கள் கோபத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது. பத்து வருஷத்துக்கு ஒரு படந்தான் ஒரு சமூகத்தைப் பற்றி வருமானால், அந்த ஒரு படத்தின் தலையில் அச்சமூகத்தின் மானம் முழுவதும் ஏற்றப்பட்டுவிடுகிறது. வெள்ளைக்காரத் திருடனைப் பற்றி ஒரு படம் வந்தால் அது ஒரு திருடனைப் பற்றிய படம். பாகிஸ்தானித் திருடனைப் பற்றி வந்தால் அது பாகிஸ்தானிகளைப் பற்றிய படம். ஆனாலும் குரேஷி செய்ததே சரி என்பது என் அபிப்பிராயம். குற்றம் செய்ய உரிமையில்லாத பாத்திரத்துக்கு உயிரும் கிடையாது.

சிரிப்பைச் சிரிப்பாலேயே திருப்பி அடித்தவர்கள் அடுத்து வந்தார்கள். ஆங்கிலேய நடிகர் பீட்டர் செல்லர்ஸ் இந்திய வைத்தியர் வேஷம் போட்டுக்கொண்டு 1960-இல் ஸோஃபியா லோரெனுடன் பாடிய பாட்டின் பல்லவியை எடுத்து, தெருவில் தங்களைக் கேலி செய்வதற்குப் பயன்பட்ட அந்தச் சொற்களையே தலைப்பாக வைத்து, மீரா சியால், சஞ்சீவ் பாஸ்கர், குல்விந்தர் கீர், நினா வாடியா ஆகிய நால்வரும் ‘குட்னஸ் கிரேஷியஸ் மீ’ என்ற நிகழ்ச்சியை 1996-இல் வானொலியிலும் 1998-இல் தொலைக்காட்சியிலும் நடத்தினார்கள். அதிலே ஒரு துணுக்கு. வெள்ளிக்கிழமை இரவு குடித்துவிட்டு இந்திய ஓட்டலுக்குப் போய், சர்வரின் பெயரைக் கடித்துக் குதறி, இருப்பதிலேயே அதிகக் காரமானதைக் கொண்டுவா என்று சவால் விடுவது ஆங்கிலேய வாலிபர்களின் நெடுநாள் சம்பிரதாயம். துணுக்கில் இடம் பம்பாய். ஓட்டல் ஆங்கிலேய ஓட்டல். ஆர்ப்பாட்டமாக உள்ளே நுழைபவர்கள் இந்தியர்கள். ஜேம்ஸ் என்ற சர்வரின் பெயர் அவர்கள் நாக்கில் படாதபாடு படுகிறது. இருப்பதிலேயே உப்புச் சப்பில்லாத பண்டம் எது என்று ஒருவன் மார்தட்டிக் கேட்கிறான். தனக்குக் கோழிக் குழம்பே போதும், ஆங்கிலேயச் சாப்பாடு வயிற்றைக் கட்டிவிடுகிறது என்று ஒரு பெண் முனகுகிறாள். தட்டுத் தட்டாக உருளைக்கிழங்கு வறுவல் ஆர்டர் ஆகிறது. சர்வராக நிற்கும் வெள்ளைக்காரப் பையன் அவ்வளவையும் பொறுத்துக்கொண்டு பல்லைக் கடித்துப் புன்னகை செய்கிறான். லட்சக்கணக்கான வீடுகளில் ஆங்கிலேயர்கள் முதல் தடவையாக அந்தச் சர்வரின் இடத்தில் நின்று தங்களைப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வசைச் சொல்கூட அதில் கிடையாது. நாற்காலிகள் இடம் மாறியிருந்தன, அவ்வளவுதான்.

ஆனால் ‘ஆசியர்’ என்று ஒரே பெயரால் சீக்கியரும் ஹிந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து சிரித்த அந்தக் கூட்டுக் குடும்பம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1989-இலேயே, இஸ்லாத்தை இழிவுபடுத்துகிறதென்று சொல்லி முஸ்லிம்கள் பிராட்போர்டில் சல்மான் ருஷ்டியின் நாவலைக் கொளுத்தியதிலிருந்து தொடங்கிய பிளவு, அமெரிக்காவில் விமானத் தாக்குதல்கள் நடந்த 2001-க்கும் லண்டன் ரயில் குண்டுவெடிப்புகள் நிகழ்ந்த 2005-க்கும் பிறகு முற்றிப்போய், திரையில் கோமாளியின் இடத்தை முஸ்லிம் என்ற புதிய சந்தேகத்துக்குரியவன் பிடித்துக்கொண்டான். 2018-இல் பி.பி.சி. ஒளிபரப்பி, கடைசிப் பகுதியை மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்த ‘பாடிகார்ட்’ தொடரின் ஆரம்பத்தில், வெடிகுண்டைக் கட்டிக்கொண்டு ரயில் பெட்டியின் கழிவறையில் நடுங்கி நிற்கும் நாதியா என்ற முக்காடிட்ட பெண், கணவனால் கட்டாயப்படுத்தப்பட்ட அபலையாகத் தோன்றுகிறாள். முடிவிலோ அந்தக் குண்டுகளைச் செய்தவளே அவள்தான் என்று தெரியவருகிறது. அபலை அல்லது பயங்கரவாதி, இரண்டே சட்டைகள். ஒன்றைக் கழற்றினால் மற்றொன்று. முஸ்லிம் பாத்திரம் பயங்கரவாதியாக, காரணமின்றிச் சீறுபவனாக, மூடநம்பிக்கையுள்ளவனாக, நாகரிகத்துக்கு ஆபத்தாக, ஆணானால் பெண்களை இழிவு செய்பவனாகவும் பெண்ணானால் அடக்கப்பட்டவளாகவும் வருகிறதா என்று சோதிப்பதற்கு, நடிகர் ரிஸ் அகமது பாராளுமன்றக் கட்டடத்தில் ஆற்றிய பேருரையினால் தூண்டப்பெற்றவர்கள், அவர் பெயரிலேயே ஐந்து கேள்விகள் கொண்ட பரீட்சை ஒன்றை ஏற்படுத்தியிருக்கிறார்கள். பரீட்சை நல்லதுதான், ஐந்திலும் தேறிவிட்டு அரிச்சுவடி போல அலுப்புத் தட்டும் படங்களும் உண்டு. 2021-ஆம் வருஷத்துக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஜனத்தொகையில் 6.5 சதவீதம் முஸ்லிம்கள். கணக்கெழுதுகிறவன், மருந்துக்கடைக்காரி, கிரிக்கெட் பைத்தியம் என்று எல்லா ரகமும் அதில் இருக்கவேண்டுமே. முஸ்லிம் பெண்கள் சேர்ந்து ராக் சங்கீத கோஷ்டி நடத்தி, குளறுபடிகளும் செய்யும் நிதா மன்சூரின் ‘வி ஆர் லேடி பார்ட்ஸ்’ போன்ற தொடர் வருவதற்கு 2021 வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

கடைசியாக நம்மவர் கதை ஒன்று. ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிப் பிரான்ஸுக்குப் போகவேண்டும். ழாக் ஓதியார் எடுத்து, 2015-இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது பெற்ற ‘தீபன்’ படத்தில், இலங்கை யுத்தத்திலிருந்து தப்பிய போராளி ஒருவரும், அவருக்கு முன்பின் தெரியாத ஒரு பெண்ணும் ஒரு சிறுமியும், இறந்துபோன ஒரு குடும்பத்தின் பாஸ்போர்ட்டுகளில் குடும்பமாக நடித்துக்கொண்டு பாரிஸ் புறநகர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்கிறார்கள். படத்தின் பெரும்பகுதி தமிழிலேயே பேசப்படுகிறது. தீபனாக நடித்தவர், இளமையில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்து, பின்பு பிரான்ஸில் அகதியாகக் குடியேறிய எழுத்தாளர் ஷோபாசக்தி. மை பூசிய முகமில்லை, கடித்துக் குதறிய உச்சரிப்பில்லை. அதிலே ஓரிடத்தில், இவர்கள் சொல்லும் வார்த்தையெல்லாம் புரிகிறது, ஆனாலும் சிரிப்பு வரமாட்டேனென்கிறதே என்று தீபன் குறைப்பட்டுக்கொள்ள, உங்களுக்குத் தமிழில் சொன்னாலும் சிரிப்பு வராது, அது பாஷையின் கோளாறு இல்லை என்கிறாள் அந்தப் பெண். மேலை நாட்டுப் படமொன்றில் இரண்டு அகதிகள், வேறு எவருக்கும் விளக்கம் சொல்லாமல், தங்களுக்குள்ளேயே ஒருவரையொருவர் கேலி செய்துகொண்ட அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் அந்தப் படத்தை இரண்டாம் முறையும் பார்த்தேன். ஆனால் படம் அங்கே நிற்க மனமில்லாமல், தீபன் கையில் மறுபடியும் ஆயுதத்தைக் கொடுத்து, புகை மண்டிய மாடிப்படிகளில் அவரை ஏற்றிவிட்ட பிறகுதான் முடிவுக்கு வருகிறது.

தீபன் உறங்கும்போது அவர் கனவில் என்ன வருகிறதென்றும் ஓதியார் காட்டுகிறார். பச்சை இலைகளை விலக்கிக்கொண்டு, மெல்ல, ஒரு யானை வருகிறது.